ஆணைக்கும் விசைக்கும் இடையே: நெய்யாற்றின்கரை எல்லையில் ஆயுதக் காவலின் வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று தெற்கே இறங்கி, இஞ்சிவிளையைத் தாண்டியதும் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்தச் சாலையின் குறுக்கே எல்லை என்று ஒன்று இருக்கவில்லை. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே அரசின் அடுத்தடுத்த வட்டங்களாக இருந்தன, இரண்டிலும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கின. வெள்ளறடைக்கு அருகிலுள்ள பனச்சமூடு போன்ற ஊர்களில் எல்லை கடைவீதியை ஒட்டியே ஓடுவதால், எந்தக் கடை எந்தக் காவல் நிலையத்துக்கு உட்பட்டது என்பது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே ஐயமின்றித் தெரிந்த செய்தியாக இன்றும் இருக்கிறது.

சாதாரணக் காவல் நிலையத்தின் ஆள்பலமும் பயிற்சியும் போதாத நெருக்கடிகளுக்கென்று தனியே தேர்ந்தெடுத்து, தனி ஆயுதமும் தனித் தலைமையும் கொடுத்துப் பழக்கிய சிறு அணியைத் தமிழில் அதிரடிப்படை என்கிறோம். இத்தகைய படைகளின் வரலாற்றை 1960களின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து தொடங்குவது நூலாசிரியர்களின் வழக்கம். ஆனால் நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஆயுதப் படை முதலில் எதிர்கொண்டது துப்பாக்கி ஏந்திய எதிரியை அன்று. கூடி நின்ற மக்களை. ஆகவே, படை எவ்வளவு திறமையாகச் சுடுகிறது என்பதைக் காட்டிலும், சுடு என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவர் அந்த மக்களை எவ்வளவு அறிந்திருந்தார், பிறகு யாருக்குப் பதில் சொன்னார் என்பவையே இங்கு வரலாற்றின் மையக் கேள்விகளாகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூரில் வரி வசூலித்த தாசில்தாரே காவல் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தார். காவல்துறை தனித் துறையாக உருப்பெற்றது அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதன் பிறகும் காவலர்களால் அடக்க இயலாத கலகம் மூண்டால், ஆங்கிலேய அதிகாரிகளின் தலைமையில் திருவனந்தபுரத்தில் இருந்த நாயர் படைப்பிரிவை அழைப்பதே ஏற்பாடு. மேலாடை அணியும் உரிமையையொட்டி எழுந்த தோள்சீலைக் கலகங்களின் காலத்திலும், கொல்லம் ஆண்டு 1090இல், அதாவது 1914-15இல், ஊரூட்டம்பலம் பள்ளியில் புலையர் குழந்தையைச் சேர்க்க ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி முயன்றதையொட்டி நெய்யாற்றின்கரை வட்டமெங்கும் பரவிய மோதல்களின் காலத்திலும், அரசின் ஆயுதம் ஊருக்கு வெளியிலிருந்துதான் வந்தது. இடையில் 1910 செப்டம்பரில் இதழாசிரியர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையின் அச்சுக்கூடம் பறிமுதல் செய்யப்பட்டு, அவர் திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். நெய்யாற்றின்கரையில் பிறந்த ஒருவரைக் காவலர்கள் அந்த ஊர் வழியாகச் செல்லும் தெற்குச் சாலையின் திசையிலேயே நாட்டை விட்டு அனுப்பியதில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை என்பதால், ஆயுதக் காவல் பற்றிய நூல்களில் அது இடம்பெறுவதில்லை.

1938இல் நிலைமை முற்றிலும் மாறியது. அவ்வாண்டு பிப்ரவரியில் பட்டம் தாணு பிள்ளையின் தலைமையில் தோன்றிய திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ், மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று கோரியது. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அதற்குத் தடைச் சட்டத்தால் பதிலளித்தார். ஆகஸ்ட் இறுதியில் தலைவர்கள் வரிசையாகச் சிறைப்பட்டனர். போதிய காவலர் இல்லாத குறையை நிரப்ப அரசு அவசரமாக ஆள் சேர்த்தது. தெருச் சண்டியர்களாக அறியப்பட்டவர்களும் அதில் புகுந்தார்கள் என்று குமுறிய மக்கள், அவர்களுக்குத் தரப்பட்ட கூலியைச் சுட்டி, அஞ்சு ரூபாய்ப் போலீஸ் என்று ஏளனமாக அழைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் பழைய தலைமுறையின் நினைவில் உள்ளது. பயிற்சி இல்லாத கையில் தடியும், பயிற்சி பெற்ற படையின் கையில் துப்பாக்கியும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய படிநிலைகள் எவையும் அன்றைய திருவிதாங்கூரில் உருவாகியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 31ஆம் தேதி நெய்யாற்றின்கரையில் ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் என். கே. பத்மநாப பிள்ளை கைது செய்யப்பட்டதும் ஊர் திரண்டது. கல்லெறி நடந்தது, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தலைநகரிலிருந்து கர்னல் வாட்கிஸ் தலைமையில் பட்டாளம் வந்து சேர்ந்தது, துப்பாக்கிச் சூட்டில் அத்தாழமங்கலம் ராகவன் உள்ளிட்ட பலர் மாண்டனர். பின்னாளில் வீரராகவன் என்று போற்றப்பட்ட அந்த மனிதரின் பெயரை ஊர் மறக்கவில்லை. இந்த நிகழ்ச்சியில் கவனத்துக்குரியது அந்த 20 கிலோமீட்டர். உள்ளூர்த் தலைமைக் காவலருக்குக் கூட்டத்தில் யார் எந்த வீட்டுப் பிள்ளை, யார் பேச்சுக்கு யார் கட்டுப்படுவார், எந்த முதியவரை அழைத்தால் கல் கீழே விழும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். வண்டியில் வந்து இறங்கிய கர்னலுக்குத் தெரிந்திருக்கக்கூடியது ஒன்றுதான்: அரசுக்கு எதிரான கலகம். ஆணையிடும் அதிகாரம் மேலே போகப் போக, இடத்தைப் பற்றிய அறிவு குறைந்துகொண்டே போனது.

இரண்டு மாதங்களுக்குள் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி தலைநகரிலேயே நிகழ்ந்தது. அக்டோபர் 23ஆம் தேதி, சிறைப்பட்ட தலைவர்களை விடுவிக்கக் கோரி, அக்கம்மா செறியான் தலைமையில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனைக்குப் பெருந்திரள் நடந்தது. சுடும்படி ஆணை பிறந்ததாகவும், அக்கம்மா முன்னே வந்து முதலில் தம்மைச் சுடுமாறு சொன்னதாகவும், ஆணை திரும்பப் பெறப்பட்டதாகவும் விடுதலைப் போராட்ட வரலாறுகள் கூறுகின்றன. வீரத்தின் கதையாகவே இது சொல்லப்படுகிறது, அது சரிதான். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க இடமுண்டு. முகமும் பெயரும் உள்ள ஒருவர் கூட்டத்திலிருந்து பிரிந்து நின்று பேசியதால், சுடும் படைக்குத் தன் முன்னால் இருப்பது கலகமா ஊர்வலமா என்று மறுபடி யோசிக்கச் சில கணங்கள் கிடைத்தன. நெய்யாற்றின்கரையில் அந்தக் கணங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை.

விடுதலைக்குப் பின் இந்தச் சாலையில் துப்பாக்கி மறுபடி வெடித்தபோது பின்னணி வேறாக இருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணி முதலியோரின் தலைமையில், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரை வட்டத்தையும் தமிழகத்துடன் இணைக்கக் கோரியது. 1954 தேர்தலில் அக்கட்சி திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் 12 இடங்களைப் பெற்றிருந்ததால், இதைச் சிறு குழுவின் கூச்சல் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் முதலமைச்சரானவர் பட்டம் தாணு பிள்ளை. 1938 ஆகஸ்டில் சிறைப்பட்ட அதே தலைவர், இப்போது 19 உறுப்பினர்களை மட்டுமே கொண்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில், காங்கிரசின் வெளி ஆதரவோடு ஆட்சி நடத்தினார். ஜூலையில் தேவிகுளத்தில் தடையை மீறிய நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11ஆம் தேதி தமிழர் பகுதிகளில் விடுதலை நாள் கடைப்பிடிக்கப்பட்டபோது, களியக்காவிளைக்குத் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது. பலர் உயிரிழந்தனர்.

இந்த முறை சுட்டது பட்டாளம் அன்று, மக்கள் வாக்களித்து அமைத்த அரசின் காவல்துறை. அந்த வேறுபாட்டை நாடு முழுதும் விவாதப் பொருளாக்கியவர், அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையிலிருந்த ராம் மனோகர் லோகியா. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த அவர், தம் கட்சியின் ஒரே முதலமைச்சர் பதவி விலக வேண்டும், நீதி விசாரணை நடக்க வேண்டும் என்று தந்தி வழியாகக் கோரினார். பட்டம் தாணு பிள்ளை மறுத்தார். லோகியா பொறுப்பிலிருந்து விலகினார். கட்சி பிளந்து, 1955 இறுதியில் லோகியாவின் சோஷலிஸ்ட் கட்சி தனியே உருவாயிற்று. ஒரு தென்கோடிச் சந்தையூரில் பாய்ந்த குண்டுகள் ஓர் அகில இந்தியக் கட்சியை உடைத்தன என்பது, பதில் சொல்லும் கடமை எவ்வளவு தூரம் மேலேறக்கூடும் என்பதற்கு இந்திய அரசியலில் அரிதாகக் கிடைக்கும் சான்று. அமைச்சரவை 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது. மறு ஆண்டு நவம்பரில் நான்கு தென் வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் தங்கின. சுட்ட காவல்துறையின் பழைய ஆட்சிப்பரப்பு இரண்டாகக் கிழிந்து, மார்த்தாண்டத்தின் கோப்புகள் ஒரு மாநிலத்திலும் நெய்யாற்றின்கரையின் கோப்புகள் மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தன.

கூட்டத்தின் மீது சுடும் ஆணை எங்கிருந்து பிறக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் ஒரு வழி வகுத்திருக்கிறது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129ஆம் பிரிவும், இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவும், கலைந்துபோகச் சொல்லும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பாளருக்கும் தருகின்றன. இதற்கென்று ஆயுதப்படை மைதானங்களில் பழக்கும் ஒத்திகை ஒன்று உண்டு. ஊதுகுழல் ஒலிக்கிறது, கலையாவிட்டால் சுடப்படும் என்று எழுதிய துணிப்பதாகை விரிகிறது, தடிக்குழு முன்னே போகிறது, அதன் பின் கண்ணீர்ப்புகைக் குழு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் துப்பாக்கிக் குழு, அதுவும் பெயர் சொல்லி ஆணை பெற்ற காவலர் மட்டும், தாழ்வாகக் குறி வைத்து. முடிந்ததும் வெற்றுத் தோட்டாக் கூடுகள் தரையிலிருந்து பொறுக்கப்பட்டு எண்ணப்படுகின்றன. பார்ப்பவருக்குச் சடங்கு போலத் தோன்றும் இந்த வரிசையின் உண்மையான பயன் நேரம் வாங்குவதே. ஒவ்வொரு படியும் ஆணையிடுபவருக்கு மனம் மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு.

படிகள் தாவப்படும்போது என்ன நேரும் என்பதற்குத் தென்தமிழகத்திலேயே சான்றுகள் உண்டு. 1982 மார்ச் 1இல் மண்டைக்காட்டில் நடந்த துப்பாக்கிச் சூடு நீதிபதி வேணுகோபால் ஆணையத்தின் விசாரணைக்கு உள்ளானது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேர் இறந்ததை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், தப்பியோடியவர்களும் சுடப்பட்டதைக் கண்டறிந்து, காவல் அதிகாரிகள் மீது மட்டுமின்றி வருவாய்த்துறையினர் மீதும் நடவடிக்கை பரிந்துரைத்தது. நடுவரின் கையெழுத்து நிகழ்ச்சிக்கு முன்னே வந்ததா பின்னே வந்ததா என்ற கேள்வி எழும்போதெல்லாம், சட்டத்தின் ஏணி வெறும் தாளில் நின்றதோ என்ற ஐயம் தவிர்க்க முடியாததாகிறது.

துப்பாக்கி ஏந்திய எதிரிக்கென்றே ஆன அணிகளின் வரலாறு வேறு கிளை. 1966 ஆகஸ்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் சுட்டுத் தள்ளியபோது ரோந்துக் காவலரிடம் அவனை எட்டும் ஆயுதமும் இல்லை, திட்டமும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை சிறப்பு ஆயுத அணியை அமைத்தது இத்தகைய அனுபவங்களின் தொடர்ச்சியாகவே. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் பிணைக்கைதிகளை மீட்க முயன்ற ஜெர்மானியக் காவலர்கள், ஆயுதம் ஏந்திய எட்டுப் பேருக்கு எதிரே ஐந்தே சுடுநர்களை, தமக்குள் பேசிக்கொள்ளக் கருவிகூட இல்லாமல் விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். பிணைக்கைதிகள் அனைவரும் இறந்தனர். அதிலிருந்து இரண்டு பாடங்கள் பிறந்தன. ஜெர்மனி சில வாரங்களில் ஜிஎஸ்ஜி 9 என்னும் அதிரடிப்படையை உருவாக்கியது. நியூயார்க் காவல்துறை அதற்கு நேர் எதிராக, 1973இல், பேசிப் பேசி நேரத்தை நீட்டும் பேச்சுவார்த்தை அணியைப் பயிற்றுவித்தது. முதல் பாடத்தை உலகம் ஆவலோடு படித்தது. இரண்டாவதைப் படித்த அளவு குறைவு.

இந்தியாவில் 1984இல் தேசியப் பாதுகாப்புப் படை தோன்றியது. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது, டெல்லிக்கு அருகிலிருந்து அப்படை வந்து இறங்க மறுநாள் காலையாகிவிட்டது. தொலைவு என்னும் அதே பழைய சிக்கல்தான். அதன் விளைவாகச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் அப்படைக்குக் கிளை மையங்கள் அமைந்தன. மாநிலங்களும் தத்தம் அதிரடி அணிகளைக் கட்டின. கேரளம் 2012இல் தண்டர்போல்ட் படையைக் களமிறக்கியது. அதன் துப்பாக்கிகள் வெடித்ததோ கடற்கரையிலோ எல்லையிலோ அன்று, காட்டில்: 2016 நவம்பரில் நிலம்பூரிலும், 2019இல் வைத்திரியிலும் அட்டப்பாடியிலும், 2020 நவம்பரில் வயநாட்டிலும் மாவோயிஸ்டுகள் கொல்லப்பட்டனர், அவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் எதிர்த்தாக்குதலில் நேர்ந்த சாவு என்று காவல்துறையும், பிடித்திருக்க முடியும் என்று மனித உரிமை இயக்கங்களும் கூறின. இத்தகைய சாவுகள் ஒவ்வொன்றும் தனி விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே வழிகாட்டு நெறிகளை வகுத்திருந்தது.

நெருக்கடியில் முடிவெடுக்கும் மனத்தைப் பற்றி 1980களில் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன், தீயணைப்புத் தலைவர்களிடம் பேசி ஒன்றைக் கண்டார்: அனுபவசாலிகள் பல வழிகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, காட்சியைப் பார்த்ததும் முன்பே பழகிய ஒரு வகை மனத்தில் எழுகிறது, அதற்குரிய செயல் உடனே கைக்கு வருகிறது. பயிற்சியின் பெருமை இதில்தான் இருக்கிறது, ஆபத்தும் இதில்தான். கலகத்தை அடக்க மட்டுமே பழகிய படைக்கு எந்தக் கூட்டமும் கலகமாகவே தெரியும். 1938இன் கர்னலையும் 1954இன் காவல் அதிகாரிகளையும் தனிமனிதக் கொடூரத்தால் மட்டும் விளக்க முயல்வது, அவர்களை அனுப்பியவர்களை எளிதாகத் தப்பவிட்டுவிடும்.

பழகிய வகை எதுவுமே உதவாத தருணம் 2020 ஜனவரி 8 இரவில் களியக்காவிளையில் வந்தது. சந்தைச் சாலைச் சோதனைச்சாவடியில் பணியில் இருந்த தமிழ்நாடு காவல்துறைச் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை இருவர் சுட்டுக் கொன்று தப்பினர். அரிசிக் கடத்தலையும் மணல் வண்டியையும் பார்ப்பதற்கென்று அமைந்த சாவடியில், கொலை செய்யவே வருபவர்களை எதிர்கொள்ள ஏற்பாடு எதுவும் இல்லை. எல்லை அவர்களுக்குச் சில நிமிட நடைதான். குற்றவாளியைப் பிடிக்கக் காவலர் இந்தியாவின் எப்பகுதிக்குள்ளும் துரத்திச் செல்லலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அன்றே சொன்னது உண்மை. ஆனால் துரத்துவதற்கு யாராவது மிஞ்சியிருக்க வேண்டும். இரு மாநிலக் காவலர்களும் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்துத் தேடியதில், ஜனவரி 14இல் அவர்கள் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். கைத்துப்பாக்கி எர்ணாகுளத்தில் கிடைத்தது. வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குச் சென்றது. எந்த அதிரடிப்படையும் அந்த இரவில் பயன்பட்டிருக்காது. சாவடியில் இன்னும் ஓர் ஆள் இருந்திருந்தால் ஒருவேளை பயன்பட்டிருக்கும்.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரையில் உள்ள விழிஞ்ஞத்தில், 2022 நவம்பர் 27 இரவு, பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. அதானி குழுமம் கட்டிவந்த துறைமுகத்துக்கு எதிராக லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தனர். கைதானவர்களை விடுவிக்கக் கோரிய கூட்டம் காவல் நிலையத்தைச் சூழ்ந்தது. கல்லும் கட்டையும் பறந்தன. காவல் வாகனங்கள் நொறுங்கின. முப்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் காயமடைந்தனர். காவல் நிலையமே தாக்கப்படும்போது சுடுவதற்குச் சட்டத்தில் இடம் தேடுவது கடினமன்று. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, வெளியிலிருந்து கூடுதல் படையும் வந்தது. ஆனால் துப்பாக்கி பேசவில்லை. அன்றிரவே மாவட்ட ஆட்சியரும் காவல் அதிகாரிகளும் மறைமாவட்டப் பிரதிநிதிகளோடு உட்கார்ந்தார்கள். கூட்டம் யாருடைய சொல்லைக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அந்தச் சொல்லுக்குரியவர்கள் அழைத்தால் வரும் தூரத்தில் இருந்தார்கள். அடுத்த நாட்களில் காவல்துறை கோழையாக நடந்துகொண்டது என்று சிலர் ஏசினார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பதிவாயிற்று. டிசம்பர் 6ஆம் தேதி, முதலமைச்சருடன் நடந்த பேச்சுக்குப் பின், போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. கற்கள் ஏற்றிய லாரிகள் மறுபடி துறைமுகத்துக்குள் போகத் தொடங்கின.